கத்திரியை விடத் தெரிந்த கை

எங்கள் கல்லூரியில் புதிய ரோபோ கூடம் திறக்கப்போகிறார்கள். இப்போதைய துறைத்தலைவர் கொழிஞ்சாம்பாறைக்காரர், என் பழைய மாணவர். போன வாரம் போன் செய்து இரண்டு காரியம் கேட்டார். ஒன்று, திறப்பு விழா மலருக்கு என் பணி வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரை. இரண்டு, வாசலில் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து வைத்திருக்கிறார்களாம், அதில் வைக்க அந்தக் கை. எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இயந்திரக் கைகளோடு மல்லுக்கட்டியவள் நான். ஆனால் ஜனங்கள் இன்றைக்கும் விசாரிப்பது ஒன்றே ஒன்றைத்தான்.

பேச்சோடு பேச்சாக, "டீச்சர், இப்பெல்லாம் அந்த நோட்டுப் பொஸ்தகம் இல்லீங்க. மிஷினு என்ன பண்ணுச்சுன்னு அதுவே பதிஞ்சு வெச்சுக்குதுங்க" என்றார் பெருமையாக. எனக்குச் சுருக்கென்றது. செய்ததை மிஷின் எழுதிக்கொள்ளும், சரி. செய்யப்போவதை யார் எழுதுவது என்று கேட்டேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தற்பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஓய்வு பெற்றவளுக்கு அந்த உரிமையாவது வேண்டாமா?

நான் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், மூன்றாம் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவள். அப்பா ஏசுவடியானுக்குத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை. அம்மா கொழுந்து கிள்ளுகிறவள். எனக்குக் கிரேஸ் என்று பெயர் வைத்தார்கள். லயத்தில் எல்லோருக்கும் கிரேசு. எஸ்டேட் பள்ளிக்கூடம், பிறகு மூணாறில் தமிழ் மீடியம், சபைப் போதகர் பிடித்துக் கொடுத்த விடுதி இடம், பொறியியல் கல்லூரி. முதல் வருஷம் இங்கிலீஷில் திணறினேன், இரண்டாம் வருஷம் மலையாளத்தில் சண்டை போடக் கற்றேன், கடைசி வருஷம் முதல் ஆளாகத் தேறினேன். மேற்படிப்பும் ஆராய்ச்சிப் பட்டமும் அதே பிடிவாதத்தில் வந்தவை. எனக்கு வேலை கிடைத்த வருஷமே அப்பாவும் அம்மாவும் ஓய்வு பெற்று, சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அதற்குப்பிறகு நான் மலையேறவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மூக்கை உடைக்கப்போவது இதுதான்.

பாலக்காட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது துறைத்தலைவராக இருந்தவர் விசுவநாதன் சார். கல்பாத்திக்காரர். மெலிந்த உடம்பு, தோய்த்து உலர்த்திய வெள்ளைச் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு புடைப்பு. அது பேனாவோ கண்ணாடிக் கூடோ இல்லை. ஆய்வுக்கூடத்து மெயின் போர்டின் ஃபியூஸ். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பீங்கான் கட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். காலையில் அவர் வந்து மாட்டினால்தான் எங்களுக்கு மின்சாரம். மாட்டுவதற்கு முன்னால் நோட்டைக் கேட்பார்.

அந்த நோட்டின் முறை இதுதான். இடது பக்கத்தில், பொத்தானை அழுத்தினால் இயந்திரம் என்ன செய்யும் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் எல்லாம். கீழே கையெழுத்து. அதற்குப்பிறகுதான் ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்து, நடந்ததை வலது பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் அந்தத் தாளில் ஒரு சின்ன டிக். அவரிடம் அந்த டிக் வாங்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

கல்லூரிக்கு முதல் ரோபோ கை மரப்பெட்டியில் வந்து இறங்கியபோது நான் குதித்துக்கொண்டிருந்தேன். அவரோ இரண்டு வாரம் அதைத் தொடவே விடவில்லை. எழுது, எழுது என்றார். கடைசியில் எழுதினேன். கை இடப்பக்கமாகத் திரும்பி, எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து, எதிரே இருக்கும் தட்டில் வைக்கும். பொத்தானை அழுத்தினேன். கை வலப்பக்கமாகச் சுற்றிப் போய், கிண்ணத்தை எடுத்து, பூப்போலத் தட்டில் வைத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கூடத்தின் மெக்கானிக் பழனிச்சாமி, சித்தூர்ப் பக்கத்து ஆள், விசிலே அடித்துவிட்டார். விசுவநாதன் சார் நேராக மெயின் போர்டுக்குப் போனார். ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டார்.

"கிண்ணம் போய்ச் சேர்ந்துடுத்து. ஆனா நீ எழுதினது நடக்கலை. அப்போ நீ தோத்தாயாக்கும், கேட்டியா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கிண்ணத்தை எடுத்து எறிந்திருப்பேன். மூன்று நாள் அந்தக் கையைப் பிரித்துப் போட்டுத் தேடினேன். மூன்றாம் நாள் அகப்பட்டது. கை எங்கே நிற்கிறது என்று அதற்கே சொல்லும் சின்ன சுவிட்ச் ஒன்று ஆடிப்போயிருந்தது. தான் நிற்கும் இடம் தெரியாமல்தான் சுற்றுவழியில் போயிருக்கிறது. அன்றைக்குக் கிண்ணம் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தோம். கையை நீட்டி எடுக்கச் சொல்லியிருந்தால் பழனிச்சாமியின் மண்டையில் இறங்கியிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் பழனிச்சாமி தலையைத் தடவிக்கொண்டே, தான் அடித்த விசிலைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அன்றுமுதல் நோட்டில் எழுதாமல் நான் ஒரு விளக்கைக்கூடப் போட்டதில்லை.

சார் ஓய்வு பெற்ற அன்று அந்த ஃபியூஸை என் கையில் கொடுத்து, இனிமேல் இது உன் பாக்கெட்டில் இருக்கட்டும் என்றார். புடவைக்குப் பாக்கெட் ஏது சார் என்றேன். சிரித்தார். நான் பார்த்தவரை அது அவருடைய இரண்டாவது சிரிப்பு. அன்றுமுதல் அது என் கைப்பைக்குள்தான் கிடக்கிறது.

இனி அந்தக் கையின் கதை.

நான் துறைத்தலைவராகி, இயந்திர விரல்கள் பற்றிக் கொஞ்சம் பெயரும் வாங்கியிருந்த காலம். ஒரு பங்குனி மாத மத்தியானம், இடது கையைத் துண்டால் சுற்றிய ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சூரியநெல்லியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். செய்தித்தாளில் என் படத்தைப் பார்த்தாளாம், அந்தச் செய்தித் தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.

"ஏசுவடியான் மக கிரேசுதான நீங்க? எங்கம்மையும் ஒங்கம்மையும் அடுத்தடுத்த நெர எக்கா" என்றாள்.

நிரை என்றால் தோட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒதுக்கும் செடி வரிசை. அடுத்தடுத்த நிரை என்பது எங்கள் பக்கத்தில் ஒரு சொந்தம் மாதிரி. அவள் பெயர் பேச்சியம்மாள். போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, போடிமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து, இடது கை நசுங்கி, மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல்கடை விட்டு எடுத்துவிட்டார்கள். எஸ்டேட்காரர்கள் மோசமில்லை, வைத்தியம் பார்த்தார்கள், விடுப்பு கொடுத்தார்கள். பிள்ளைக்காப்பகம் போன்ற லேசான வேலைகளில் ஏற்கெனவே ஆள் இருந்தது. ஆக, ஐப்பசி முடிவதற்குள் அவள் தோட்டத்தில் நின்று ஒரு முழுநாள் வேலையை எல்லோரையும் போலச் செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள்.

"பேர வெட்டிருவாக எக்கா. பேரு போனா வீடும் போயிரும்."

லயத்து வீடு செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் பதிவேட்டில், பெயர் இருக்கிறவர்களுக்குத்தான். இவளுடைய புருஷன் இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். மகள் தேனியில் நர்ஸ் படிப்புக் கடைசி வருஷம். ஏற்கெனவே ஓரிடத்தில் ரப்பர் கை ஒன்று கொடுத்திருந்தார்கள். பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். "பாக்க அழகாத்தான் இருக்கு. கோயில் கொடைக்குப் போட்டுட்டுப் போலாம்" என்றாள். நான் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். யோசிக்கக்கூட இல்லை.

என் ஆராய்ச்சி மாணவி ஷிஜி, கோட்டயத்துப் பெண், முதல் நாளே மலையாளத்தில் கேட்டாள்: ஆரம்பிக்கும் முன் ஒருமுறை தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா டீச்சர் என்று. நான் சிரித்தேன். "நீ டீ குடிச்சு வளந்தவ. நான் டீச்செடிக்குள்ள வளந்தவ. எனக்கு எதுக்கு டூர்?" என்றேன். பாவம், வாயை மூடிக்கொண்டாள்.

ஆறு மாதம் உழைத்தோம். என் அம்மாவின் விரல்கள் எனக்கு அப்படியே மனப்பாடம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, நகம் படாமல் ஒடிக்கும் அந்த ஒடிப்பு. அதைச் செய்ய ஐந்து விரல், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், விரல் நுனியில் தொடு உணர்வு. மூணாறிலிருந்து தேயிலைக் கொப்பு வரவழைத்துச் சோதித்தோம். பேச்சியம்மாள் மூன்று தடவை வந்து அளவு கொடுத்தாள், கொப்பில் கிள்ளியும் பார்த்தாள். நூறு தடவை கிள்ளினால் நூறும் பிசகவில்லை. இடது பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி எழுதினேன்: தோட்டத்தில் இந்தக் கை இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளும், ஒரு நிரையை முடிக்கும்.

புரட்டாசி தொடக்கத்தில் ஜீப்பில் கிளம்பினோம். நானும் ஷிஜியும் பழனிச்சாமியும். காலைப் பெரட்டு, அதாவது ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரம், முடிந்து பெண்கள் மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே சத்தம் கேட்டது. சளக், சளக், சளக். மலை முழுக்க அதே சத்தம். ஒவ்வொரு பெண்ணும் இரண்டு கையாலும் ஒரு நீளக் கத்திரியைப் பிடித்திருந்தாள். அடித்தகட்டில் ஒரு பெட்டி. வெட்டுகிற கொழுந்து பெட்டியில் விழ, நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை அதைத் தூக்கி முதுகுச் சாக்கில் கொட்டிக்கொண்டு போனார்கள். விரலால் கிள்ளுகிறவர் அந்த மலையில் ஒருத்தர்கூட இல்லை.

கையால் கிள்ளுகிறவர்கள் எங்கே என்று, எங்களுக்காக வந்து நின்ற பேச்சியம்மாளிடம் கேட்டேன். பேச்சியம்மாள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"கத்திரி வந்து எத்தன வருசமாச்சு. கையால இப்ப யாரு எடுக்கா?"

பின்னே மூன்று தடவை வந்தாயே, கொப்பில் கிள்ளிக் காட்டினாயே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். டாக்டர்கள் ஊசியால் குத்திப் பார்ப்பதில்லையா, பட்டாணி பொறுக்கச் சொல்வதில்லையா, அதுபோல் இதுவும் ஏதோ டெஸ்ட் என்று நினைத்தாளாம். எஸ்டேட்டில் பிறந்த எனக்குக் கத்திரி தெரியாமல் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? என் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஷிஜி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லிக்காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பழனிச்சாமிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது.

"ஏனுங் டீச்சர், பொறந்த ஊருன்னுதானுங்க சொன்னீங்க?"

பேச்சியம்மாளுக்குச் சங்கதி புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அப்படியே பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழகான அந்த ஐந்து விரல் கையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப எம்பேரு போச்சா எக்கா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அங்கேயே நோட்டைப் பிரித்து வலது பக்கத்தில் எழுதினேன்: தோல்வி, காரணம் கிரேஸ். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கத்திரி கொடு என்றேன்.

நான்கு நாள் அங்கேயே தங்கினேன். பேச்சியம்மாள் வீட்டில்தான் சாப்பாடு. பகலெல்லாம் பெண்களோடு நின்று கத்திரி பிடித்தேன். ஐம்பது வயதுக்கு மேல் பேராசிரியை தோட்டத்து வேலை பார்க்கிறாள் என்று மலைக்கே வேடிக்கை. மானேஜர்கூட ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, பெயரைச் செக்ரோலில் போடட்டுமா என்று கிண்டல் செய்தார். வேலை எனக்குப் பிடிபட்டது. வெட்டுவது வலது கை. இடது கை வெட்டுவதில்லை. தகட்டை ஆடாமல் பிடிக்கிறது, பெட்டியின் கனத்தைத் தாங்குகிறது, ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கிறது. ஆக, எனக்கு வேண்டியது மென்மையான ஐந்து விரல் இல்லை. முரட்டுப் பிடி ஒன்று போதும். மழைநீர் ஓட வெட்டிய கான்களில் பெண்கள் அடிக்கடி சறுக்கி விழுந்தார்கள். விழும்போது ஒருத்தி கத்திரியை எறிவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அதைக் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பாலக்காடு திரும்பி ஒரே வாரத்தில் பிடி தயாராகிவிட்டது. இரண்டு தாடை, ஒரே மோட்டார். கைப்பிடி வழுக்கினால் தானே இறுக்கும், அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். பெருமை தாங்காமல் நோட்டைத் தூக்கிக்கொண்டு கல்பாத்திக்குப் போனேன். விசுவநாதன் சாருக்கு எண்பது தாண்டியிருந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கி, இடது பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"பிடிக்கறதைப் பத்தி நாலு பக்கம் எழுதிருக்காய். விடறதைப் பத்தி ஒரு வரி இல்லையேடீ" என்றார்.

தோட்டத்துப் பெண்களின் அந்தச் சிரிப்புச் சத்தம் அப்போதுதான் எனக்குத் திரும்பக் கேட்டது. விழுகிற ஒவ்வொருத்தியும் கத்திரியைத் தன்னைவிட்டுத் தூர எறிந்தாள். எறியாவிட்டால் தகடு வயிற்றிலோ கழுத்திலோ வந்து நிற்கும். நான் செய்து வைத்திருக்கும் பிடியோ செத்தாலும் விடாது. ஐப்பசி மழையில் அந்தச் சரிவில் பேச்சியம்மாள் ஒருமுறை சறுக்கினால் போதும். அவளைக் கொல்ல நானே ஆயுதம் செய்து கொடுத்திருப்பேன்.

ஆறு வாரம்தான் மிச்சம். உடம்பு சாய்ந்தால் கண்டுபிடிக்கும் கருவியை வைத்து, சாய்ந்ததும் பிடி விடட்டும் என்று செய்தேன். பழனிச்சாமி கூடத்தின் பின்னால் பலகையால் ஒரு சரிவு கட்டி, கீழே மெத்தை போட்டார். ஷிஜி கத்திரிக்குப் பதில் கட்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சோதித்தாள். குனிந்தால் விட்டது, மெதுவாகச் சறுக்கினால் விடவில்லை. எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தோம். அந்தத் தாள்களில் ஒன்றிலும் டிக் இல்லை. ஷிஜியின் முட்டியெல்லாம் கன்றிப்போனது.

ஒருநாள் பழனிச்சாமி டீ கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் டீச்சர், அந்தப் புள்ள எப்பிடி விழுந்தாலும் கையை விறைப்பா நீட்டிப்போடுதுங்க. வெட்டறப்ப முழங்கை மடிஞ்சேதானுங்க இருக்கும். இதுக்கு எதுக்குங்க கரண்டு? ஒரு சைக்கிள் பிரேக் ஒயர் போதுமுங்க" என்றார்.

எனக்கு உள்ளே குத்தியது. முப்பது வருஷம் ரோபோ சொல்லிக்கொடுத்தவள் கடைசியில் சைக்கிள் கடையில் போய் நிற்பதா? நல்ல வேளையாக என் கௌரவத்தைவிடப் பேச்சியம்மாளின் கழுத்து எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. தோள்பட்டையில் ஒரு வார், அதிலிருந்து முதுகு வழியாகப் பிடிவரைக்கும் பிரேக் ஒயர். முழங்கை முழுதாக நீண்டு, தோளும் விரிந்தால் ஒயர் இழுபடும், தாடை திறந்துகொள்ளும். இறுக்குவது மோட்டார், விடுவது ஒயர். பேச்சியம்மாளை வரவழைத்து மாட்டினோம். எட்டத்துச் செடிக்குக் கை நீட்டும்போது இரண்டு தடவை கத்திரி விழுந்தது. நான் ஒயரைத் தளர்த்தப் போனேன், அவள் தடுத்துவிட்டாள். "அது சரியாத்தான் இருக்கு. நான் கால எடுத்து வச்சு வெட்டிக்கிடுதேன், கைய நீட்டல" என்றாள். அப்படியே விட்டுவிட்டேன்.

ஐப்பசி கடைசி வாரம் சோதனை நாள். மானேஜர், எஸ்டேட் டாக்டர், சூப்பர்வைசர் மூன்று பேரும் குடையோடு வந்து நின்றார்கள். பொடித் தூறல், கால் வைத்தால் வழுக்கும் மண். மானேஜர் கோட்டயத்து ஆள், எங்களோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். நல்ல மனிதர், ஆனால் நான் விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "டீச்சரே, வீணால் ஆரு சமாதானம் பறயும்?" என்று ஒரே கேள்வி. விழுந்தால் யார் பதில் சொல்வது? அதிலும் தப்பில்லை.

தேயிலைச் செடிமேல் நோட்டைப் பிரித்து வைத்து இடது பக்கத்தை எழுதினேன். மற்றவர்களோடு சமமாக நிரையை முடிப்பாள். எடையில் குறையாது. விழுந்தால் கத்திரியை விடும். கத்திரி அவள் உடம்பைத் தொடாது. கையெழுத்தும் போட்டேன். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். பேனாவை வாங்கினாள். வலது கை அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே, பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில், ஒரு வரி எழுதினாள்: சாய்ந்திரம் என் பேர் செக்ரோலில் இருக்கும். அதன் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.

காலையில் ஒரு குறையும் இல்லை. சளக், சளக் என்று மற்றவர்களோடு சேர்ந்து போனாள். பெட்டியைத் தூக்கி முதுகுச் சாக்கில் கொட்டும்போதும் பிடி விடவில்லை. முதல் எடை பக்கத்து நிரைக்காரிக்குச் சமமாக நின்றது. சூப்பர்வைசரே தராசை இரண்டு தடவை பார்த்தார். டாக்டர், போதும் என்பதுபோல் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் முகத்தில் அந்த ஒரே கேள்வி அப்படியே இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு, கடைசிக் கானைத் தாண்டும்போது அவள் கால் வழுக்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே வழுக்கியது. பாரச் சாக்கோடு சரிந்தாள். மானேஜர் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். நான் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் என் வாழ்நாளின் பெரிய காட்சியைத் தவறவிட்டிருப்பேன். அவளுடைய இடது கை நீண்டது. தாடை திறந்தது. கத்திரி மேல்பக்கமாகப் பறந்து, இரண்டு செடி தாண்டிக் குத்தி நின்றது. பேச்சியம்மாள் சேறோடு உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

மானேஜர் கை கொடுத்தார். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. தானே எழுந்து, போய்க் கத்திரியைப் பிடுங்கி, பிடிக்குள் தள்ளினாள். டக் என்று மாட்டிக்கொண்டது. "எடைக்கு நேரமாச்சு சார், கொஞ்சம் வெலகுங்க" என்றாள். அந்தச் சரிவின் எல்லா நிரையிலிருந்தும் பெண்கள் குலவை போட்டார்கள். மலை எதிரொலித்தது. பழனிச்சாமி அடித்த விசிலை இந்த முறை யாரும் திரும்ப வாங்கச் சொல்லவில்லை. நானும் ஷிஜியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம், இரண்டையும் ஒன்றாகச் செய்தோம். வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

சாயங்காலம் ஆபீசில் மானேஜர் செக்ரோலைத் திருப்பினார், பெயருக்கு நேரே அன்றைய வேலையைக் குறித்தார். நான் வலது பக்கத்தை நிரப்பினேன். நான் எழுதியதெல்லாம் நடந்தது என்று எழுதி, நோட்டைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். அவள் வரிக்கு நேராக அவள்தானே எழுத வேண்டும்? செக்ரோலை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே சொல் எழுதினாள்: இருக்கு.

அடுத்த வாரம் கல்பாத்திக்குப் போய் அந்தத் தாளை சாரிடம் காட்டினேன். இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். டிக் போட்டார். பேச்சியம்மாளின் வரிக்கு மட்டும் தனியாக இன்னொரு டிக் போட்டார். எனக்குச் சாதனைப் பட்டயங்கள் பிறகு வந்தன, ஷிஜிக்குப் பட்டம் வந்தது, பழனிச்சாமிக்குக் கவர்னர் கையால் பாராட்டு வந்தது. அந்தப் பிடியில் பிறகு எத்தனையோ கைகள் செய்தோம். அந்த இரண்டு டிக்குக்கு ஈடாக எனக்கு ஒன்றும் வரவில்லை.

இப்போது துறைத்தலைவருக்கு என் பதில். நோட்டைத் தருகிறேன்; அந்தத் தாளைப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். என் கைப்பையில் கிடக்கும் ஃபியூஸையும் திறப்பு விழா அன்று உங்கள் சட்டைப் பையில் நானே போடுவேன், புதிய மிஷினுக்கு இடது பக்கத்தை எழுதிக் காட்டினால். கையை மட்டும் என்னால் தர முடியாது. உங்களுக்காகப் பேச்சியம்மாளுக்குப் போன் செய்து கேட்டுப் பார்த்தேன். மகள் இப்போது மூணாறில் நர்ஸ். இவளுக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. விழாவுக்கு ஒரு நாள் மட்டும் இரவல் தந்தால் போதுமாம், சாயங்காலமே திருப்பி அனுப்பிவிடுவார்களாம் என்றேன்.

போனில் பின்னால் சளக், சளக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அது எப்படிக்கா முடியும்? நாளைக்கு எனக்குப் பன்னெண்டாம் நெர" என்றாள்.